நாளைக்கு என்ன செய்யப் போறேன்னு கேட்காதீங்க.. நேற்று என்ன செய்தாய்னு கேளுங்க!

ஜனவரி ஒன்றாம் தேதி ராத்திரி 12 மணிக்கு பட்டாசு சத்தம் அடங்குவதற்குள் தமிழ்நாட்டில் எத்தனை வாட்ஸ்அப் குழுக்கள் பிறக்கின்றனவோ.. 'மிஷன் சி.ஏ', 'டார்கெட் குரூப் 2', 'காலை 5 மணி கிளப்', 'தினம் 10 பக்கம்', '90 நாளில் 8 கிலோ'. பெயரைப் பார்த்தாலே ரத்தம் சூடாகும். குழுப்படமாக அப்துல் கலாம் சிரித்துக்கொண்டிருப்பார். முதல் நாள் 46 பேர், 300 மெசேஜ். பொங்கல் லீவு முடிந்து காலேஜ் திறக்கும்போது பார்த்தால், இரண்டு பேர் மட்டும் 'குட் மார்னிங்' போட்டுக்கொண்டிருப்பார்கள். மாசி மாதத்தில் யாரோ ஒருவர் அதில் கேஷ்பேக் லிங்க் அனுப்புவார். அத்தோடு கதை முடிந்தது.

மறைமலைநகரும் இதற்கு விதிவிலக்கில்லை. காலையில் கடற்கரை - செங்கல்பட்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று இறங்கி ஏறும் காலேஜ் கூட்டத்தில் யாருடைய போனைத் திறந்தாலும் இப்படி இறந்துபோன நாலு குழுக்களாவது இருக்கும். யாருக்கும் வெளியேற மனசு வராது. அட்மினே வெளியேறிய குழுக்கள் கூட உண்டு!

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்.. 'சோம்பேறிப் பசங்க'. வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள், வகுப்பிலும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே பசங்கள்தான் ராத்திரி ஷிப்டில் டெலிவரி ஓட்டிவிட்டு காலையில் வகுப்புக்கு வருகிறார்கள். அதே பெண்கள்தான் வீட்டு வேலையை முடித்துவிட்டு ட்யூஷன் எடுத்து தங்கள் செமஸ்டர் ஃபீஸைக் கட்டுகிறார்கள். சோம்பல் என்ற ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது.

கோளாறு ஆட்களிடம் இல்லை. குழு அவர்களிடம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. இந்தக் குழுக்கள் எல்லாம் 'நாளைக்கு என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்கின்றன. கேட்க வேண்டியது 'நேற்று என்ன செய்தாய்?' என்பது. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் ஒரு குழு வாழ்வதும் சாவதும் இருக்கிறது.

சொன்னாலே செய்த மாதிரி ஒரு திருப்தி

2009ல் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வக்கீல் ஆக வேண்டும், உளவியல் நிபுணர் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் மாணவர்களை வைத்து நடத்தியது. அதற்காக இதைச் செய்யப்போகிறேன் என்று ஒரு மாணவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் தெரிந்துகொண்டால், அந்த மாணவர் அந்த வேலையில் செலவழிக்கும் நேரம் குறைந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள். 'இவன் வக்கீல் ஆகப்போகிறவன்' என்று நாலு பேருக்குத் தெரிந்ததுமே, பாதி வக்கீல் ஆகிவிட்ட மாதிரி ஒரு நிறைவு மனசுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எதற்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்?

'2027ல் நான் சி.ஏ.' என்று ஸ்டேட்டஸ் வைத்து, 60 பேர் ஹார்ட் போட்டு, சித்தப்பா 'வாழ்த்துக்கள் கண்ணு' என்று எழுதியபிறகு, காஸ்டிங் புத்தகம் ஏன் கசக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

அப்படியானால் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லதா? அங்கேதான் சுவாரஸ்யம். 2016ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்கின் என்பவரும் மற்றவர்களும், இலக்கும் முன்னேற்றமும் பற்றிய 138 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் பங்குகொண்டவர்கள் மொத்தம் ஏறக்குறைய 20,000 பேர். எவ்வளவு முடிந்திருக்கிறது என்று அடிக்கடி கணக்குப் பார்ப்பவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடுகிறது. அந்தக் கணக்கை எழுதி வைத்தாலோ, மற்றவர்களுக்குத் தெரியும்படி சொன்னாலோ பலன் இன்னும் கூடுகிறது.

2009 ஆய்விலும் 2016 ஆய்விலும் பாஸ்கல் ஷீரன் என்ற அதே ஆய்வாளர் பங்கெடுத்திருக்கிறார். ஆக, இரண்டும் சண்டை போடும் ஆய்வுகள் இல்லை. செய்யப்போவதை ஊருக்குச் சொன்னால் வேகம் குறையும். செய்து முடித்ததை ஊருக்குச் சொன்னால் வேகம் கூடும். அவ்வளவுதான் மேட்டர்.

பி.காம் படிப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றவே கூடாது. அடுத்த வருஷ பட்ஜெட்டை யாரும் ஆடிட் செய்வதில்லை. முடிந்த வருஷத்தின் கணக்கைத்தான் ஆடிட் செய்கிறார்கள். பட்ஜெட்டுக்குக் கைதட்டல் கிடைக்கும். பாலன்ஸ் ஷீட்டுக்குத்தான் கையெழுத்து கிடைக்கும்.

ஆப்பிள் ஸ்டோரில் தேடாதீர்கள்.. அம்மாவிடம் கேளுங்கள்

இதற்காக வெளிநாட்டு ஆப்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் அவர்கள்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ல் தொடங்கப்பட்டது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் ஆரம்பமாயின. அங்கிருந்து மற்ற மாவட்டங்களுக்குப் பரவி, 1997-98ல் 'மகளிர் திட்டம்' என்று மாநிலத் திட்டமாக ஆனது. இதற்கிடையில் 1992ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் ஒரு சோதனையைத் தொடங்கியது. அடமானம் வைக்க ஒரு பொட்டுத் தங்கம் இல்லாத பெண்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்க ஆரம்பித்தது இந்த வழியில்தான்.

வங்கி எதைப் பார்த்து அவர்களை நம்பியது? கனவையா? லட்சியத்தையா? இல்லை. நோட்டுப் புத்தகங்களை! நபார்டு இதற்கு 'பஞ்சசூத்திரம்' என்று ஐந்து விதிகளைச் சொல்கிறது. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள் தவறாமல் கடன் கொடுத்து வாங்குதல், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுதல், அன்றன்றைக்கே எழுதி முடித்த கணக்குப் பதிவேடுகள். இந்த ஐந்தில் ஒன்றாவது எதிர்காலத்தைப் பற்றியதா பாருங்கள்? எல்லாமே நடந்து முடிந்ததைப் பற்றியவை. கூட்டம் நடந்ததா, பணம் கட்டியாயிற்றா, எழுதியாயிற்றா.

ஒரு குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 12 முதல் 20 பேர். யாராவது ஒரு வீட்டுத் திண்ணை, இல்லையென்றால் கோயில் மண்டபம். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இரண்டு பேர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அப்புறம் சேமிப்பு, அப்புறம் கடன் தவணை, கடைசியில் தீர்மான நோட்டு. 'வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி' என்று யாரும் அங்கே பேசுவதில்லை. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் ஒரு எண் எழுதப்படும். அதை மற்ற எல்லோரும் பார்ப்பார்கள். முடிந்தது. அடுத்த கூட்டம் அடுத்த வாரம், அதே கிழமை, அதே நேரம்.

முக்கியமான இன்னொன்றும் உண்டு. அந்த வாரம் பணம் கட்ட முடியாதவரும் கூட்டத்துக்கு வர வேண்டும். வந்தால் அவர் பெயருக்கு எதிரே 'நிலுவை' என்று எழுதுவார்கள். நிலுவை என்றால் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப் குழுக்களில் இல்லாமல் போனது இந்த ஒரு வார்த்தைதான். அங்கே படித்தவர் பேசுகிறார், படிக்காதவர் ஒளிந்துகொள்கிறார். மூன்று நாள் ஒளிந்தவர் நாலாவது நாள் வெட்கப்பட்டு நோட்டிபிகேஷனை மியூட் செய்கிறார். குழு செத்துப்போவது தோற்றவர்களால் இல்லை. தோற்றதைச் சொல்ல அங்கே இடம் இல்லாததால்.

ஏலச் சீட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 'கையில் இருந்தால் செலவாகிடும், சீட்டு போட்டால்தான் சேரும்' என்று சொல்லாத வீடு செங்கல்பட்டு மாவட்டத்தில் உண்டா? இதையே கென்யாவின் சீட்டுக் குழுக்களை ஆராய்ந்த மேரி கே குகர்ட்டி என்ற ஆய்வாளர் 2007ல் தன் கட்டுரைக்குத் தலைப்பாகவே வைத்தார். தனியாகச் சேமிக்க முடியாது என்பது அந்தத் தலைப்பின் பொருள். ஆப்பிரிக்காவில் இருக்கும் அக்காவும் ஆத்தூர் அக்காவும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள், பள்ளிக்கூடம்தான் வேறு :-)

சரி.. திண்ணை இல்லாமல் போனில் நடக்குமா?

நியாயமான கேள்வி. திண்ணையில் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். போனில் 'சீன்' செய்துவிட்டு ஓடிவிடலாம்.

இதற்கு சிலி நாட்டிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. ஃபெலிப்பே காஸ்ட், ஸ்டீபன் மையர், டினா போமரான்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அங்கே சிறுதொழில் செய்யும் ஏழை மக்களிடம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் சேமிப்புக் கணக்கு மட்டும். இன்னொரு பகுதியினர் தங்கள் சேமிப்பு இலக்கைக் குழுவில் சொன்னார்கள். சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் போட்டார்களா இல்லையா என்று எல்லோர் முன்னாலும் பார்க்கப்பட்டது. அவர்கள் பணம் போட்ட தடவைகள் மற்றவர்களைப் போல மூன்றரை மடங்கு ஆனது. பிறகு, நேரில் கூடாமல் வெறும் எஸ்.எம்.எஸ். மூலம் இதையே செய்து பார்த்தார்கள். குழுவால் கிடைத்த பலனில் ஏறக்குறைய 80 சதவீதம் அதிலும் கிடைத்தது. ஸ்மார்ட்போன் கூட இல்லை, சாதாரண எஸ்.எம்.எஸ்!

ஆகவே போனில் நடக்கும். ஆனால் எப்படிப்பட்ட போன் குழு? தினம் 300 மெசேஜ் ஓடும் குழு இல்லை. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ஒரு எண்ணைக் கேட்கும் குழு.

கூடவே கொல்கத்தாவையும் பார்த்துவிடலாம். அங்கே முதல் தடவை கடன் வாங்கும் பெண்களில் சில குழுக்களை வாரம் ஒரு முறையும், சில குழுக்களை மாதம் ஒரு முறையும் கூடச் சொல்லி ஆராய்ந்தார்கள். 2013ல் வெளியானது. வாரா வாரம் கூடியவர்கள் கூட்டத்துக்கு வெளியிலும் ஒருவரோடு ஒருவர் அதிகம் பழகினார்கள், அடுத்த கடன் சுற்றில் தவணை தவறியதும் அவர்களிடம் குறைவு. அடிக்கடி பார்த்துக்கொள்வது நேர விரயம் இல்லை, அதுவே மூலதனம். போனில் குழு நடத்துபவர்களும் மாதம் ஒரு தடவையாவது நேரில் சந்திப்பது நல்லது. மறைமலைநகர் பசங்களுக்கு அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கு ஒரு டீ போதும்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

1. ஆள் எண்ணிக்கை: ஐந்து அல்லது ஆறு பேர். மகளிர் குழுவுக்கே 20 பேர்தான் உச்சவரம்பு. 1956ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 11வது பிரிவு, லாபத்துக்காக 20 பேருக்கு மேல் சேர்ந்தால் பதிவு செய்தாக வேண்டும் என்று சொன்னது. அதனால்தான் பதிவு செய்யாத குழுக்கள் அந்த எண்ணுக்குள் நின்றன. (கம்பெனி லா பேப்பரில் இதைப் படித்து மறந்தவர்கள் மறுபடி ஒருமுறை புரட்டவும்!) படிப்புக்கான குழுவுக்கு அதுவும் அதிகம். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். 46 பேரில் ஒருவர் காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

2. நாளும் நேரமும்: ஞாயிறு இரவு 9 மணி என்றால் 9 மணிதான். மற்ற நாட்களில் குழு அமைதியாக இருக்கட்டும். குட் மார்னிங், ஊக்க வீடியோ, மீம்ஸ் எல்லாவற்றுக்கும் வேறு குழு வைத்துக்கொள்ளலாம்.

3. ஒரே ஒரு எண்: 'நல்லா படிச்சேன்' என்பது கணக்கு இல்லை. 'மார்ஜினல் காஸ்டிங் - நினைத்தது 20 கணக்கு, போட்டது 14. புதன், வியாழன் பூஜ்யம்.' இதுதான் கணக்கு. ஊரிலுள்ள உதிரிபாகக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அண்ணன்களைக் கேட்டால் லைனில் மாட்டியிருக்கும் பலகையைப் பற்றிச் சொல்வார்கள். திட்டம் இவ்வளவு, முடித்தது இவ்வளவு. ஷிப்டில் இருந்தவர்களுக்கு ஆர்வம் எவ்வளவு இருந்தது என்று அந்தப் பலகையில் காலம் கிடையாது.

4. வவுச்சர்: வரவுக்கும் செலவுக்கும் வவுச்சர் கேட்கும் காமர்ஸ்காரர்கள் இதற்கு மட்டும் வாய்வார்த்தையை நம்பலாமா? போட்ட கணக்கின் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் போதும். யாரும் அதைத் திருத்தப் போவதில்லை. இருக்கிறது என்பதே சாட்சி.

5. பூஜ்யம் எழுதும் உரிமை: எல்லா விதிகளிலும் இதுதான் பெரிய விதி. ஒன்றும் செய்யாதவரும் ஞாயிறு 9 மணிக்கு வந்து '0' என்று எழுத வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, அறிவுரையும் சொல்லக் கூடாது. அவராகவே கேட்டால் மட்டும் பேசலாம். பூஜ்யம் எழுத வந்தவர் இன்னும் குழுவில்தான் இருக்கிறார்.

6. வராக்கடன்: படிக்காமல் விட்டதை எல்லாம் அடுத்த வாரத்தில் ஏற்றிக்கொண்டே போனால் நாலாவது வாரம் மலையாகிவிடும். அந்த மலையைப் பார்த்தே பலர் ஓடிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் பழைய நிலுவையில் தேறாததைத் தள்ளுபடி செய்துவிட்டு, தேறுவதை மட்டும் முன்கொண்டு போக வேண்டும். ஒரு கம்பெனியே வராக்கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்த வருஷம் கடையைத் திறக்கிறது.

7. முடிவுத் தேதி: பரீட்சை வரை, அல்லது 12 வாரம். வேண்டுமானால் மறுபடி தொடங்கலாம். சீட்டுக்கு முடிவு மாதம் இருப்பதால்தான் மக்கள் அதில் சேருகிறார்கள். முடிவே இல்லாத குழுவில் இருந்து மனிதர்கள் நழுவத்தான் செய்வார்கள்.

ஊக்குநர் பொறுப்பு மாதம் ஒருவருக்கு என்று மாறட்டும். ஒருவரே என்றென்றும் அட்மினாக இருந்தால், குழு அவருடையதாகி மற்றவர்கள் விருந்தாளி ஆகிவிடுவார்கள்.

அபராதம் போடலாமா?

போடாவிட்டால் நல்லது. 'படிக்காதவர் 50 ரூபாய் ஜிபே பண்ணணும்' என்று சில குழுக்கள் கறாராக ஆரம்பிக்கின்றன. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு பரிசோதனையை இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர்கள் மாலையில் குழந்தையை அழைத்துப்போக லேட்டாக வந்தார்கள். 10 காப்பகங்களில் 6 காப்பகங்கள், 10 நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தன. தாமதம் குறைந்ததா? இல்லை, கூடியது! அதுவரை 'டீச்சர் காத்துக்கொண்டிருப்பாரே' என்று கூச்சப்பட்டவர்கள், இப்போது 'அதான் காசு கொடுக்கிறோமே' என்று நிம்மதியாக வந்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்தபோதும் பழைய கூச்சம் திரும்ப வரவில்லை. உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இருவர் 2000ல் வெளியிட்ட ஆய்வு இது.

50 ரூபாய் கொடுத்தால் படிக்காமல் இருக்கும் உரிமையை வாங்கிவிடலாம் என்றால் பலருக்கு அது மலிவான விலைதான். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கோ அது குழுவை விட்டுப் போக ஒரு காரணம்.

கண்காணிப்பு வேறு, கழுத்தை நெரிப்பது வேறு

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குழுவின் பலம் என்பது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 2010ல் ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வெடித்தபோது உலகமே அதைப் பார்த்தது. ஒருவர் கட்டாவிட்டால் குழுவினர் எல்லோரும் பொறுப்பு என்ற ஏற்பாட்டில், கட்ட முடியாதவர் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்களையே கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள் என்று புகார்கள் எழுந்தன. கடன் தொல்லையால் தற்கொலைகள் என்று செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது.

அங்கேயும் குழு இருந்தது, வாரக் கூட்டம் இருந்தது, கணக்கும் இருந்தது. என்ன வித்தியாசம்? கணக்கு யாருக்காக என்பதுதான். தானே தன் சேமிப்புக்காக எழுதிக்கொள்ளும் கணக்கு ஒன்று. வேறொருவர் வசூலுக்காக ஒருவரை ஒருவர் மேல் ஏவிவிடும் கணக்கு வேறு ஒன்று. படிப்புக் குழுக்களிலும் இந்தக் கோடு இருக்கிறது. மார்க் லிஸ்ட்டை எல்லோர் முன்பும் போட்டு 'லாஸ்ட் ரேங்க் யாரு?' என்று சிரிக்கும் குழு, வசூல் குழுவின் தங்கச்சி. இலக்கை அவரவரே வைக்க வேண்டும், ஒருவர் இலக்கை இன்னொருவர் இலக்கோடு ஒப்பிடக் கூடாது. பி.காம் அரியர் ஒன்றை முடிக்க நினைப்பவரும் சி.ஏ. இன்டர் எழுதுபவரும் ஒரே குழுவில் சமமாக உட்கார முடிய வேண்டும்.

முகம் தெரியாதவர்களோடு குழு தொடங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் பெரும்பாலும் போன் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண்கள் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது. நம்பர் காட்டாத டெலிகிராம் மாதிரியான இடங்களைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். 'நானோரைமோ' என்ற நாவல் எழுதும் இயக்கத்தின் கதை இதற்கு ஒரு பாடம். 1999ல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் கிறிஸ் பேட்டியும் நண்பர்களுமாக 21 பேர் ஆரம்பித்தது. நவம்பர் மாதத்தில் 50,000 வார்த்தை எழுத வேண்டும். இன்று எத்தனை வார்த்தை எழுதியாயிற்று என்ற ஒரே எண்தான் கணக்கு. உலகம் முழுக்கப் பரவி லட்சக்கணக்கானவர்களை எழுத வைத்தது. ஆனால் பெரிதானபோது பாதுகாப்பு சிக்கல் வந்தது. சிறார் பாதுகாப்பு குறித்து 2023ல் புகார்கள் எழுந்தன, பிறகு பணத் தட்டுப்பாடும் சேர்ந்து 2025ல் அந்த அமைப்பே மூடப்பட்டது. 21 பேருக்குள் இருந்த நம்பிக்கையைப் பெரிய கூட்டத்தில் காப்பாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

'தானா படிக்கிறவன் குழு இல்லாமலே படிப்பான்'

இதைச் சொல்லாத பெரியவர்கள் இல்லை. உண்மைதான், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழு இருக்கும். படித்த அப்பா, ஆடிட்டர் மாமா, ஏற்கெனவே பாஸ் செய்த அக்கா, 'எந்த சாப்டர் முடிச்ச?' என்று சாப்பாட்டு மேஜையில் கேட்கும் ஒரு குரல். அந்தக் குரல் இல்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். ஷிப்டு முடிந்து வந்து தூங்கும் அப்பாவுக்கு, பிள்ளை படிப்பது காஸ்டிங்கா ஆடிட்டிங்கா என்று எப்படித் தெரியும்? குழு என்பது அந்த மாமாவும் அக்காவும் இல்லாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்துக்கொள்ளும் மாமாவும் அக்காவும்.

அதன் தேவையும் இப்போது கூடியிருக்கிறது. 1999ல் மறைமலைநகரில் ஃபோர்டு ஐகான் கார் உருவாகத் தொடங்கியபோது, ஒரு வேலை கிடைத்தால் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்த குடும்பங்கள் உண்டு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு வெளியேறும் முடிவை அறிவித்தது, 2022 ஜூலையில் கடைசி கார் வந்தது. பெரிய கம்பெனியே கணக்குப் பார்த்துக் கிளம்பிவிடும் என்பதை இந்த ஊர் பக்கத்தில் இருந்து பார்த்தது. பட்டம் மட்டும் போதாது, அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்று இங்குள்ள பிள்ளைகள் பதறுவது சும்மா இல்லை. அந்த மேல் ஒன்றை வகுப்பறை கொடுக்காது, தனியாக, ராத்திரியில், யாரும் கேட்காதபோது படித்துத்தான் எடுக்க வேண்டும். சி.ஏ. தேர்விலோ ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். பிடித்த பேப்பரில் 80 எடுத்தாலும் பிடிக்காத பேப்பரில் 38 என்றால் அந்த குரூப் போச்சு. பிடிக்காத பேப்பரைத் தள்ளிப்போடுவது தனியாகப் படிப்பவருக்கு மிகச் சுலபம். வாரா வாரம் அதற்கு எதிரே '0', '0', '0' என்று மூன்று தடவை தன் கையாலேயே எழுதும்போதுதான் உறைக்கும்.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த மறைமலை அடிகள் (1876 - 1950) பல பத்தாண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். அது பிற்பாடு நூலாகவும் வந்தது. அன்றன்றைய நாளுக்கு அன்றன்றே கணக்கு எழுதிய ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய ஸ்டேஷனில்தான் தினமும் இத்தனை மாணவர்கள் இறங்குகிறார்கள். அவரைப் போல ஐம்பது வருஷம் எழுத வேண்டாம் மக்களே. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை எழுதினால் போதும்.

போனில் இருக்கும் செத்த குழுக்களை முதலில் அழியுங்கள். நம்பிக்கையான நாலைந்து பேருக்கு மெசேஜ் அனுப்புங்கள். குழுவுக்குப் பெரிய பெயரெல்லாம் வேண்டாம். 'ஞாயிறு கணக்கு' என்று வைத்தால் கூடப் போதும். லட்சியத்தை யாரும் அறிவிக்க வேண்டாம். இந்த ஞாயிறு இரவு 9 மணிக்கு, போன வாரம் என்ன செய்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.